அட்டைக் கடிக்குச் சீட்டு இல்லை

மூணாறு மலையில் மழைக்காலத்தில் அட்டை கடிக்காத கால் கிடையாது. அதனாலேயே அட்டைக் கடி என்று எஸ்டேட் மருந்தகத்துக்குப் போனால் லீவுக்கான சீக்குச் சீட்டுத் தரமாட்டார்கள். புகையிலையும் சுண்ணாம்பும் குழைத்து அப்பிவிட்டு, காலில் சாக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகவேண்டும். ஐம்பதுகளில் எங்கள் கூலி வீட்டு வரிசையான லயத்து வழக்கம் அது. நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

கணுக்காலுக்கு மேலே அட்டை கடித்த இடத்தை என் தங்கச்சி சொறிந்துவிட்டாள். கடிவாய் மூடிக்கொண்டது. சுற்றிலும் தோல் சிவந்து, இறுகி, தொட்டால் கொதித்தது. காலையில் கெண்டைக்காலில் நின்ற சிவப்பு சாயங்காலம் முழங்காலைத் தொட்டது. நான் எதற்கும் பயப்படுகிறவள், மூன்றாம் வகுப்போடு நின்றவள். என் பேச்சு எடுபடுமா?

இருந்தும் அவளை மருந்தகத்துக்குக் கூட்டிப்போனேன். கம்பவுண்டர் காலைத் தொடக்கூட இல்லை. "புண்ணு எங்க? மூடித்தான இருக்கு."

"உள்ள கொதிக்கி ஐயா. காலு போயிருமோன்னு பயமா இருக்கு" என்றேன்.

"போன மாசம் சளிக்கு டி.பி.ன்னு அழுதவதான நீ?"

பக்கத்தில் நின்ற கங்காணி, "பயத்துக்கு ஒரு ஊசி இருந்தா அக்காளுக்குப் போட்டு விடுங்க" என்றான். மருந்துக்கு நின்ற வரிசையே சிரித்தது.

மறுநாளும் அவளை மலைக்கு ஏற்றினார்கள். கூடையோடு சரிவில் விழுந்தாள். தேயிலை லாரியில்தான் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் விரலை வைத்து அழுத்தினார், குழி அப்படியே நின்றது. கீறினார், சீழ் கொட்டியது. திட்டு எனக்குத்தான் விழுந்தது.

"ஏம்மா இவ்வளவு முத்தவிட்டே? தோலுக்குக் கீழ மெத்தை மாதிரி ஒரு கொழுப்பு அடுக்கு இருக்கு. சீழ் அதுல எறங்கிட்டா மேல மூடித்தான் இருக்கும், உள்ளுக்குள்ள படர்ந்துக்கிட்டே போகும். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா காலையே எடுத்திருக்கணும்."

பென்சிலின் ஊசியில் கால் தப்பியது. அந்த மெத்தை மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு அழுகிப் போனது. அங்கே இப்போது ஒரு குழி. தோல், தோலுக்கு அடியில் எலும்பு. மலைக்குளிர் முதலில் ஏறுவது அந்த இடத்தில். சாக்குக் கயிறு பட்டால் துடித்துப்போவாள்.

அடுத்த மழைக்கு அவள் வேலைக்கு வந்து, மருந்தக வரிசையில் என்னோடு நின்றபோது கம்பவுண்டர் அவள் காலை எட்டிப் பார்த்தார். "நல்லா மூடிருச்சே."

அவர் கையைப் பிடித்து அந்தக் குழியில் வைத்து அழுத்தினேன். "அன்னைக்கும் மூடித்தான் இருந்துச்சு. இன்னைக்காவது தொட்டுப் பாரும்."

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். இந்தத் தடவை வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. அட்டைக் கடிக்குச் சீட்டு மட்டும் அந்த வருசமும் கிடையாது.