சினியோர் தேடிய டிஸ்கோ

என் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. இப்போது மறதியும் கூடிவிட்டது. முன்பின்னாகச் சொன்னால் நீங்கள்தான் அடுக்கிக்கொள்ள வேண்டும்.

இத்தாலியின் பலேர்மோ நகரில், நான் இருந்த பிரான்காச்சோவிலிருந்து பஸ் ஏறி, ஒரேத்தோப் பக்கம் ஒரு சினியோரின், அதுதான் ஒரு ஐயாவின், வீட்டுக்கு வேலைக்குப் போய்வந்தேன். மனைவி இறந்தபின் தனியாக இருந்தவர். ஐஸ் ஹொக்கி விளையாடியே சம்பளம் வாங்கி ஓய்வு பெற்றவர். வடக்கே மலைப்பக்கத்து ஊர்க்காரர், பலேர்மோப் பெண்ணைக் கட்டியதால் இங்கே வந்து சேர்ந்தார். இந்த வெயிலூரில் அந்த விளையாட்டை யார் கண்டார்? எலுமிச்சம்பழ ஐஸ் விற்கிற கீழ்க்கடைக்காரன், "என் வாளிக்குள் இறங்கி ஒருமுறை விளையாடிக் காட்டுங்கள்" என்று பகிடி பண்ணுவான்.

தொடக்கத்தில் நானும் பிழையாகத்தான் விளங்கிக்கொண்டேன். "வாழ்நாள் முழுக்க ஐஸில்தான் வேலை" என்று அவர் சொன்னதும், மீனுக்கு ஐஸ் போடுகிறவர் என்று கோயிலில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். ஒருவர் மலிவாக ஐஸ் எடுக்கலாமா என்று விசாரித்தார்.

நான் உடுப்பு அயன் பண்ணும்போது கதிரையை இழுத்துப் போட்டுக் கதை சொல்வார். கோல் அடிப்பது அவருடைய வேலையில்லையாம், மற்றவனை வரவிடாமல் மறிப்பதாம். எங்கள் பஸ் வாசலில் நிற்கிறவர்களும் அதைத்தான் செய்கிறார்கள், சம்பளமில்லாமல். மறித்ததில் முன்பல் நாலு போனது, வலது முழங்காலும் போனது. பெரிய போட்டியில் அடித்தது ஒரே ஒரு கோல். அது கம்பியில் பட்டு உள்ளே போனதை ஒவ்வொரு கிழமையும் சொல்வார். நான் "சீ, சீ" என்பேன். இத்தாலியனில் அதற்கு ஓம், ஆமாம் என்று அர்த்தம். தமிழில் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாது.

ஒருநாள் காலை நான் போனபோது மேசை, அலுமாரி லாச்சிகள் எல்லாம் இழுத்துக் கழற்றி நிலத்தில் கிடந்தன.

"சினியோரா, என் டிஸ்கோ எங்கே?" என்றார்.

அவருடைய பழைய குழுவின் ஊரில், பழைய ஆட்டச் சாமான்களை வைக்க ஓர் அறை திறக்கிறார்களாம். அந்தக் கோலை வேறொருவர் அடித்ததாக எழுதி வைத்திருக்கிறார்களாம். அன்று மத்தியானம் ஒருவர் ஆதாரம் பார்க்க வருகிறார். டிஸ்கோ இல்லாவிட்டால் கோலும் இல்லை.

டிஸ்கோ என்றால் எனக்குப் பாட்டுத் தட்டு. அவருடைய மனைவியின் இசைத்தட்டுகளை எல்லாம் கொண்டுவந்து மேசையில் அடுக்கினேன். தலையில் கைவைத்தார்.

"இதில்லை! ஐஸில் நாங்கள் அடிக்கிற டிஸ்கோ. சின்னது, தடிப்பு, கறுப்பு றப்பர்!"

நான் பின்பல்கனிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். நத்தார்ப் பண்டிகைக்கு முன், பின்பல்கனியில் இருந்த உடுப்புத் தோய்க்கிற மெசின் சுற்றும்போதெல்லாம் நடந்து கதவடிக்கு வந்துவிடும். பழைய சப்பாத்துப் பெட்டிக்குள் ஒரு கறுப்பு றப்பர் வட்டம் கிடந்தது. ஓரத்தில் வெள்ளையாக எழுத்தும் எண்ணும் இருந்ததால், மெசினோடு வந்த சாமான் என்று நினைத்துக் காலுக்கடியில் செருகிவிட்டேன். "நீங்கள் கைவைத்தால் மெசினும் அடங்குகிறது" என்று அவர் மெச்சியதும் உண்டு.

அவருக்குத் தெரியாமல் எடுத்துவிட நினைத்தேன். பல்கனியில் நின்று, கீழ்மாடி வீட்டில் வேலை செய்யும் மச்சாளைக் கூப்பிட்டேன்.

"மச்சாள், கெதியா மேல வாங்கோ. மெசினைத் தூக்கவேணும்."

"ஏன், சினியோர் உள்ளுக்கை மாட்டுப்பட்டிட்டாரோ?"

"பகிடி விடாதேங்கோ. அவரின்ரை கோல் மெசினுக்குக் கீழ கிடக்கு."

"ஊண்டி நடக்கிற கோலோ?"

"ஐயோ, வந்து பாருங்கோவன்!"

சினியோர் கட்டிலுக்கடியில் தலையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்து மெசினைச் சரித்தோம்.

"என்ன பாரமப்பா! உள்ளுக்கை என்ன கிடக்கு?"

"ஈர உடுப்பு. எடுக்க மறந்துபோனன்."

"நல்லாயிருக்கு. அந்த மனுசனையும் கூப்பிட்டு மேல இருத்துங்கோ!"

மச்சாள் இடுப்பால் முட்டுக்கொடுக்க, நான் கையை விட்டு இழுத்தெடுத்தேன். மெசினின் கால் அமர்ந்த இடத்தில் வட்டமாக ஒரு பள்ளம். எழுத்து தப்பியிருந்தது. நிமிர்ந்தால் சினியோர் வாசலில் நிற்கிறார். மச்சாள் என்னைத் தனியே விட்டுவிட்டுப் படியிறங்கி ஓடிவிட்டா.

அவர் வாங்கி மணந்து பார்த்தார். சவர்க்கார மணம். மெசினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

மத்தியானம் வந்த மனிதர் கண்ணாடியைப் போட்டு எழுத்தை வாசித்தார். அன்றைய குழுத் தலைவரின் கையெழுத்து, சினியோரின் பெயர், ஆடிய நாள். தன் தாளில் இருந்த பெயரை அங்கேயே வெட்டி இவருடையதை எழுதினார். சினியோரின் கண் கலங்கியதை நான் பார்த்தேன். பிறகு அந்த மனிதர் பள்ளத்தைத் தடவி, "இது என்ன?" என்று கேட்டார்.

"கம்பியில் பட்ட இடம்," என்றார் சினியோர், முகம் கொஞ்சமும் மாறாமல்.

நான் காப்பிக் கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன்.

இப்போது அது அந்த அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறதாம். நான் போய்ப் பார்த்ததில்லை. வடக்கே வேலை செய்கிற பிள்ளைகள் யாராவது அந்தப் பக்கம் போனால், அவர் பெயரைப் பிழையில்லாமல் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். கோல் ஆட்டத்தின் எந்தப் பகுதியில் விழுந்தது, போன பல் நாலா ஐந்தா என்பதையும் அங்கே கேட்டு, நான் எழுதியதில் பிழை இருந்தால் திருத்திவிடுங்கள்.