அம்மா குளிப்பாட்டியவர்கள்

சில மாலைகளில் அம்மாவின் கைகளில் "ஓடிகொலோன்" வாசனை வீசும். அன்று எங்கள் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த ஒரு பெண் இறந்திருக்கிறாள் என்று சிறுமியான எனக்குப் புரிந்துவிடும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி அலுவலகத்தில் நாள் முழுக்க டைப் அடித்துவிட்டு, பஸ்ஸில் நசுங்கி வந்து கள்ளிக்குப்பத்தில் இறங்குகிறவள், சாவுச் செய்தி வந்தால் வீட்டுக்குள்கூட நுழையாமல் அப்படியே துக்க வீட்டுக்குப் போய்விடுவாள். இறந்தவளைக் குளிப்பாட்டி, தலை வாரி, அந்த வாசனைத் தண்ணீரைத் தெளித்து, வெள்ளைப் புடவை உடுத்திவிடுவது எங்கள் கோயில் மாதர் சங்கத்தில் அவள் தானாகவே ஏற்றுக்கொண்ட ஊழியம்.

நான் ஆறாவது படிக்கும்போது எஸ்தர் என்பவள் இறந்தாள். லாரி ஓட்டிய புருஷன் கொண்டுவந்து கொடுத்த எய்ட்ஸில் முதலில் அவன் போனான், பின்னால் இவளும் போனாள். அந்த நாட்களில் யாரும் பெயரைச் சொல்லமாட்டார்கள், "அந்தச் சீக்கு" என்பார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து நாங்கள் வீடு திரும்பியபோது எஸ்தரின் தாய் வாசலில் நின்றிருந்தாள்.

"ஒருத்தியும் கிட்ட வர மாட்றாம்மா. எம் பொண்ணு காலைலேர்ந்து அப்படியே கெடக்குறா."

அப்பா குறுக்கே நின்றார். "ஊட்ல பொம்பளப் புள்ள கீது. நாளிக்கு உனக்கு ஒண்ணுன்னா இன்னா பண்றது?"

"தொட்டா ஒட்டாதுன்னு ஆஸ்பத்திரிலயே எழுதிப் போட்டுருக்காங்க. பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு அம்மா அந்தத் தாயோடு போனாள்.

அந்த வருஷம், கோயில் வளாகத்தில் எல்லோரும் சேர்ந்து சமைத்துச் சாப்பிடும் "அசனத்தின்" போது, வெங்காயம் அரிய உட்கார்ந்த அம்மாவின் பக்கத்தில் சங்கத் தலைவி வந்து குனிந்தாள். "ஸ்டெல்லா, நீ எய்ந்துரும்மா. நீ கை வச்சா துன்ன மாட்டோம்னு சொல்லிகினு கீறாங்க." அம்மா அரிவாள்மனையைத் துடைத்துச் சாய்த்து வைத்தாள், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து இலையில் விழுந்ததைச் சாப்பிட்டாள். வழக்கமாக ரோட்டைக் கடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொள்கிறவள், அன்று வீடு வந்து சேரும்வரை பிடிக்கவேயில்லை.

அதற்குப் பிறகும் சாவு விழுந்தால் அவளைத்தான் கூப்பிட்டார்கள். அவளும் போனாள். ஏன் போகிறாய் என்று கோபமாகக் கேட்டேன். "செத்தவங்களா என்னை வேணாம்னு சொன்னாங்க?" என்றாள்.

நான் பத்தாவது படிக்கும்போது அம்மா கர்ப்பப்பைப் புற்றுநோயில் போனாள். பெரியாஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து கூடத்தில் கிடத்தியபோது, "அப்பவே சொன்னோமே, கேட்டாளா?" என்று வாசலில் யாரோ பேசியது என் காதில் விழுந்தது. சங்கத்துப் பெண்கள் வந்தார்கள், பாடினார்கள், ஜெபித்தார்கள். குளிப்பாட்ட மட்டும் ஒருத்தியும் அசையவில்லை. காசு கொடுத்து யாரையாவது அழைத்து வரலாமா என்று தலைவி கேட்டாள். அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெந்நீர்த் தவலையைத் தூக்கினார். "நீ வாம்மா" என்றார் என்னிடம்.

கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் இருவரும் அவளைக் குளிப்பாட்டினோம். வயிற்றில் தையல் போட்ட இடத்துக்கு வந்ததும் அப்பாவின் கை நின்றுவிட்டது. அதற்கு மேல் நானே செய்தேன். புடவை மடிப்பு எனக்குச் சரியாக வரவில்லை. கோணலாகவே அவளைப் பெட்டியில் வைத்தோம்.

இன்று அதே பகுதியில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். மாதர் சங்கத்தில் அப்படியொரு ஊழியம் இருந்ததே புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாது. மருத்துவமனையிலேயே சுத்தம் செய்து துணியில் சுற்றி அனுப்பிவிடுகிறார்கள். மீதியைக் கையுறை மாட்டிய ஆட்கள் ஃப்ரீசர் பெட்டியோடு வந்து முடித்துக் கொடுக்கிறார்கள். போன மாதம் பக்கத்து வீட்டு அம்மாள் இறந்தபோது, முகத்தை ஒருதரம் தொட்டுக்கொள்ளட்டுமா என்று அவர் மகள் கேட்டாள்.

"தொறந்தா கூலிங் பூடும்க்கா" என்றான் வந்திருந்த ஆள்.

அவள் பெட்டியின் கண்ணாடி மூடி மேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றாள்.