பொருள் கேளாத சொல்

நாஞ்சில் நாட்டின் மேற்குப் பகுதியினர் விடைபெறும் எவரையும் வாளா அனுப்புவதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கடல் கடந்து, திருவிதாங்கூர்-கொச்சி அரசின் தென்கோடியான அந்நாட்டுக்குத் தமிழ் கற்பிக்க வந்த முதல் நாள், நாகர்கோவிற் பேருந்து நிலையத்தில் வாழைப்பழம் விற்ற அம்மையார் மீதிச் சில்லறையோடு, "சூட்சிச்சுப் போங்க சாரே" என்றார். நான் உடனே பெட்டியின் பூட்டைத் தடவிப் பார்த்தேன். யாழ்ப்பாணத்திற் சூழ்ச்சி என்னும் சொல் தேய்ந்து சூட்சி ஆகும். வஞ்சகத்துக்கு அது பெயர். வஞ்சகம் செய்துகொண்டு போகச் சொல்கிறாரா, வஞ்சகர் உளர் என்கிறாரா என்று விளங்கவில்லை. எவரிடமும் கேட்கவும் இல்லை. தமிழாசானாக வந்தவன் தமிழர் வாய்ச் சொல்லுக்குப் பொருள் கேட்பதா என்னும் நாணம் தடுத்தது. அச்சொல் மாணாக்கர் கட்டுரைகளில் வந்தபோதெல்லாம் சிவப்பு மையாற் கோடிட்டு, அருகே 'இழிவழக்கு' என்று எழுதினேன்.

கல்லூரி விடுதியின் பொறுப்பும் என்னிடமே இருந்தது. விடுதியிலிருந்து பேருந்து நிலையத்துக்குச் செல்லும் வழி ஒரு குளத்தங்கரையைச் சார்ந்தது. சென்ற ஆண்டு மழைக்காலத்தில், பொழுது சாய்ந்தபின் அங்கே மாணாக்கரை மறித்துக் கைக்கடிகாரமும் பேனாவும் பறிக்கும் கூட்டம் ஒன்று தலையெடுத்தது. தனியே செல்லற்க, விலையுயர்ந்தவற்றை வெளியே காட்டற்க, அந்தி சாய்ந்தபின் ஒப்புதலின்றி வெளியேறற்க என்றெல்லாம் எழுதி, 'விழிப்புடன் செல்க' என்று தலைப்பிட்டுச் சுவரில் ஒட்டினேன். அதன் முன் நின்று ஒருவன், "விழிப்புன்னா ஒறங்காம இருக்கதா லே?" என்று கேட்க, மற்றவன், "நடக்கும்போ எவன்லே ஒறங்குவான்? சாரு ஊர்ல ஒறங்கிட்டே நடப்பாங்களா இருக்கும்" என்றான். சிரிப்பொலி என் அறைவரை வந்தது. யாழ்ப்பாணத்தில் என் மாணாக்கர் என் சொல்லைக் கேட்டுச் சிரித்ததில்லை. அன்று மூண்ட சினம் என்னுள் அணையாமற் கிடந்தது என்பதை இப்போது உணர்கிறேன்.

சில நாள் கழித்து, விளக்கேற்றும் வேளையில், என் சன்னலுக்கு வெளியே இருவர் தாழ்ந்த குரலிற் பேசினர். ஒருவன் இரணியலைச் சேர்ந்த செபமணி. மற்றவன் அருமனையிலிருந்து வந்த முதலாண்டு மாணாக்கன் செல்லப்பன்.

"லே மக்கா, கொளத்தங்கரையில அவனுவ இன்னைக்கும் நிக்கானுவளாம். வாச்சக் கழத்தி மடியில கெட்டு. ரெண்டு பேருமா சூட்சிச்சுப் போவணும். சாருட்டச் சொல்லாண்டாம்" என்றான் செபமணி.

குளத்தங்கரை, கடிகாரம், சூட்சி, என்னிடம் மறைத்தல்! இவை நான்கும் ஒருங்கே சேர்ந்தபின், இவர்களும் அப்பறிகாரரின் கூட்டாளிகளே என்பதற்கு எனக்கு வேறு சான்று வேண்டியிருக்கவில்லை. செபமணியை அழைத்தேன்.

"இருவரும் என்ன சூழ்ச்சி செய்கிறீர்கள்?"

அவன் தயங்காமல், "சூட்சிதான் சார். சூட்சிக்காண்டாமா? காலம் அப்பிடில்லா இருக்கு" என்றான்.

குற்றத்தை ஒப்புக்கொண்டதோடு என்னை எள்ளவும் செய்கிறான் என்று கொண்டேன். முதல்வர் வரும்வரை அறையை விட்டு வெளியேறலாகாது என்று கட்டளையிட்டேன். "அவன் ஒத்தைக்குப் போயிருவான் சார்" என்று இருமுறை சொன்னான். கூட்டாளி தப்பிவிடுவானென்று அஞ்சுகிறான் போலும் என எண்ணிக் கதவை நானே சாத்தினேன்.

செல்லப்பனின் தாய்க்குக் காய்ச்சல் முற்றியிருந்தது. அன்றைய கடைசிப் பேருந்தை அவன் பிடிக்க வேண்டியிருந்தது. கேட்டால் நான் விடமாட்டேன் என்று அஞ்சியே என்னிடம் மறைத்தனர். செபமணி துணைக்குச் செல்லவிருந்தான். தனியே செல்லற்க என்னும் என் முதல் விதியைக் காத்தவன் அவன், முறித்தவன் நான். செல்லப்பன் காத்துப் பார்த்துவிட்டுத் தனியே புறப்பட்டான். மடியிற் கட்டிய கடிகாரத்தைக் கொடுக்க மறுத்தவனைக் குளத்தங்கரைக் கூட்டத்தார் கழியால் அடித்துவிட்டு ஓடினர். வயலிலிருந்து திரும்பிய சிலர் அவனைத் தூக்கி வந்தனர். உயிர் பிழைத்தான், இடச்செவி கேளாமற் போயிற்று.

மருத்துவமனையில் அவன் தந்தையைக் கண்டேன். நான் கேட்டதையும், கேட்டதற்கு நான் கொண்ட பொருளையும் மறைக்காமற் சொன்னேன். கடிந்திருந்தால் ஆறுதலாய் இருந்திருக்கும். அவர் மகனின் போர்வையைச் சரிசெய்துவிட்டு, "கவனமா இருக்கதத்தான் நாங்க அப்பிடிச் சொல்லுவோம் சார். மலையாளத்துக்காரங்க பேச்சு எங்கள்ளயும் கலந்து போச்சு. நீங்க எப்பிடி அறிவீங்க?" என்றார். நான் எழுந்தபோது அவர் வாசல்வரை வந்தார். "வெயிலு கொள்ளாண்டாம். சூட்சிச்சுப் போங்க."

தன் மகனைக் காப்பாற்றியிருக்க வேண்டிய சொல்லை அவர் எனக்கே கொடுத்தனுப்பினார். வேற்று மண்ணிற் கற்பிக்கச் செல்வோரே, மாணாக்கர் பாதுகாப்புக்கு நான் எழுதிய விதிகளில் ஒன்று விடுபட்டிருந்தது: அவர்கள் சொல்வது புரியாவிடிற் கேள். அது எனக்குரிய விதி. அதனாற்றான் எனக்குத் தோன்றவில்லை.

செபமணியிடம் பொறுத்தருளுமாறு கேட்டேன். "பரவால்ல சார்" என்றான். அதன்பின் அவன் என்னிடம் ஊர்ப் பேச்சுப் பேசியதில்லை. விடுமுறைக்கு நான் புறப்பட்ட நாளிற் பேருந்து நிலையம்வரை என் பெட்டியைச் சுமந்து வந்தான். அதே பழக்கார அம்மையார் அதே சொல்லைச் சொன்னார். அவனும் சொல்வானென்று காத்திருந்தேன். அவன் கைகட்டி நின்று, "விழிப்புடன் செல்லுங்கள், ஐயா" என்றான். பிழையற்ற தமிழ், நான் சுவரில் ஒட்டியது. 'நீயும் சூட்சிச்சு இரு மக்கா' என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் சொல்லைச் சொல்லும் உரிமை எனக்கு உண்டா என்னும் ஐயம் எழ, வண்டி நகர்ந்துவிட்டது.

தனுக்கோடியிற் கப்பலேறி ஊர் வந்து சேர்ந்தேன். மறுநாள் காலை, கல்லூரிக்குப் புறப்பட்ட என் தம்பி மகள் வாசற் படலையைத் திறந்தபோது, "சூட்சிச்சுப் போ, பிள்ளை" என்றேன். என்னையறியாமல் வந்துவிட்டது.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "என்ன பெரியப்பா, ஆருக்குச் சூழ்ச்சி செய்யப் போறன் எண்டு நினைச்சியள்?"

பொருளை அவளுக்குச் சொல்லியிருக்கலாம். படலையைப் பற்றியபடி அவள் கேட்டு நின்றாள். என் நாவில் அக்கரைச் சொல்லும் இக்கரைச் சொல்லும் ஒன்றையொன்று மறித்து நின்றன. செருப்பை மாட்டிக்கொண்டு, அவளோடு நானும் நடந்தேன்.