மனைவி என்று அச்சடித்த கட்டம்

நான் ஓய்வுபெற்ற நான்காவது வருடம், ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில், என் கணவர் வயலில் மோட்டார் கொட்டகைப் படியில் வழுக்கி விழுந்தார். தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வயல்காரர் போன் செய்தார்.

"டீச்சர், அண்ணன் விழுந்துட்டாங்க. எந்திரிக்க முடியல. ஆட்டோவக் கூட்டிக்கிட்டு வாங்க."

கறம்பக்குடி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. ஆபரேஷன்தான், அதுவும் இரண்டு மூன்று நாளுக்குள் செய்தால் நல்லது என்று டாக்டர் சொன்னார். கோயம்புத்தூரில் இருக்கும் என் மகளுக்குப் போன் செய்தேன். அவள் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"அம்மா, ஒன் இன்சூரன்ஸ் கார்டு இருக்குல்ல. தஞ்சாவூருக்கே கொண்டு போயிரும்மா. நான் நேரா அங்க வந்துர்றேன்."

கார்டு இருந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும் அவருடைய துணைக்கும் சேர்த்து என்று சொல்லி மாதாமாதம் என் பென்ஷனில் பிடித்தம் செய்து கொடுத்த கார்டு. ரேஷன் கார்டோடு ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தேன். ஆம்புலன்ஸில் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்க, நான் அந்த உறையை மடியில் வைத்துக்கொண்டு போனேன். சொன்னால் வெட்கமாக இருக்கிறது, அந்த நேரத்திலும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. முப்பத்துநாலு வருடம் பிள்ளைகளோடு கத்தியதற்கு இதாவது மிஞ்சியதே என்ற நிம்மதி.

தஞ்சாவூரில் அது ஒரு தனியார் மருத்துவமனை. இன்சூரன்ஸ் மேசையில் இருந்த பெண் கார்டு நம்பரைத் தட்டிப் பார்த்தாள்.

"பேஷண்ட் உங்களுக்கு என்ன வேணும்மா?"

"என் வீட்டுக்காரர்."

அவள் மறுபடியும் தட்டினாள். பிறகு கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினாள். "இதுல உங்க பேரு மட்டும்தாம்மா காட்டுது. துணைவர்ங்கிற எடம் காலியா இருக்கு."

"நாப்பத்திரெண்டு வருசமா இவருதாம்மா எனக்கு வீட்டுக்காரர்."

"நான் இல்லைன்னு சொல்லலம்மா. சிஸ்டம்ல இல்ல."

பாவம், அவள் தன்மையாகத்தான் சொன்னாள். பென்ஷன் ஆபீஸில் பெயரைச் சேர்த்துவிட்டு ஒரு கடிதம் வாங்கி வந்தால் அன்றைக்கே அனுமதி கேட்டு அனுப்பலாம் என்றாள்.

அந்த இடம் ஏன் காலியாக இருந்தது என்று எனக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. அதுதான் கொடுமை. ஓய்வுபெறுகிற மாதத்தில் படிவம் படிவமாகக் கையெழுத்துப் போட்டேன். அதில் ஒன்றில் "மனைவியின் பெயர்" என்று ஒரு கட்டம் அச்சடித்திருந்தது. நான் பேனாவை நிறுத்திவிட்டு, "சார், இதுல என்ன எழுதுறது?" என்று கேட்டேன். அங்கிருந்த கிளார்க் எட்டிப் பார்த்துவிட்டு, "அது ஆம்பளைங்களுக்கு டீச்சர். நீங்க விட்ருங்க" என்று சொல்லி, தானே ஒரு கோடு இழுத்து "பொருந்தாது" என்று எழுதினார். எனக்கு அன்றைக்குப் பள்ளிக்கூடச் சாவியும் பொருள் பதிவேடும் ஒப்படைக்கிற அவசரம். கீழே கையெழுத்துப் போட்டேன். கேள்வியை ரெண்டு தடவை படிச்சுட்டு பதில் எழுதுங்கடா என்று எத்தனை ஆயிரம் தடவை பிள்ளைகளிடம் சொல்லியிருப்பேன்.

மறுநாள் மகள் வந்ததும் அவரை அவளிடம் விட்டுவிட்டு, கந்தர்வக்கோட்டை வழியாகப் பஸ் பிடித்து வந்து புதுக்கோட்டை பென்ஷன் ஆபீஸில் நின்றேன். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்த ஒருவர் என் கோப்பைத் தேடி எடுத்தார்.

"இது எங்க தப்பு இல்ல டீச்சர். நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க பாருங்க."

"பாத்தேன் சார். இப்ப அதச் சரி பண்ண என்ன செய்யணும்?"

ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். கல்யாணத்துக்கு அத்தாட்சி, இருவரும் சேர்ந்த போட்டோ, ஆதார். கடைசியாக, கணவர் மனைவியின் வருமானத்தைச் சார்ந்து வாழ்கிறார் என்று வி.ஏ.ஓ. தரும் சான்று.

"ஆம்பள வாத்தியாருங்ககிட்டயும் இந்தச் சான்று கேப்பீங்களா சார்?"

"அவங்களுக்கு எதுக்கு டீச்சர்? மனைவின்னாலே சார்ந்தவங்கதானே."

அவர் கிண்டல் செய்யவில்லை. மழை பெய்தால் நனையும் என்பதுபோல் சொன்னார். சீட்டை மடித்துப் பையில் வைத்தேன்.

வெளியே வந்து கார்டின் பின்னால் இருந்த இன்சூரன்ஸ் நம்பருக்கு அடித்தேன். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று பாட்டுப் பாடி முடித்து ஒரு ஆள் வந்தார். "அந்த ஆபீஸ்ல இருந்து பேரு வந்தாத்தான் மேடம் நாங்க ஏத்த முடியும்" என்றார். திரும்ப உள்ளே போய்ச் சொன்னேன். "நாங்க அனுப்பிருவோம் டீச்சர், அவங்க ஏத்தணும்ல. அதுக்கே ஒரு மாசம் ஆகும்" என்றார் கண்ணாடிக்காரர். ஒரு மாதம். அங்கே அவர் காலில் எடை கட்டித் தொங்கவிட்டுப் படுக்க வைத்திருக்கிறார்கள்.

வரிசையில் இருந்த ஒரு பெரியவர் ஆறுதலாகச் சொன்னார். "ஒங்ககிட்ட படிச்ச புள்ளைக யாராச்சும் பெரிய வேலையில இருப்பாங்களே டீச்சர். ஒரு போனப் போடுங்க." எனக்கு அது பிடிக்கவில்லை. வரிசையில் நில்லுங்கள் என்று சொல்லிக் கொடுத்த நானே வரிசையைத் தாண்டுவதா என்று இருந்தது. ஆனாலும் போட்டேன். சென்னையில் வேறு ஏதோ துறையில் இருக்கும் ஒருவன் எடுத்தான். "கேட்டுச் சொல்றேன் டீச்சர்" என்றான். இன்றுவரை சொல்லவில்லை.

சாயங்காலம் தஞ்சாவூர் திரும்பியபோது மகள் காண்டீனுக்குப் போயிருந்தாள். அவர் விழித்திருந்தார்.

"என்ன சொன்னாங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். அந்தச் சான்றை மட்டும் கடைசியில், குரலைத் தாழ்த்திச் சொன்னேன். யாரிடமும் கைநீட்டாத மனிதர். நான் சம்பளம் வாங்க ஆரம்பித்த பிறகும் வீட்டு அரிசி அவர் விளைவித்ததுதான். கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

"வாங்கிக்க. அதுல என்ன பொய்யி? ஒன் சம்பளத்துலதான வயல்ல ரெண்டாவது போர்வெல் போட்டேன்."

அவர் போர்வையை இழுத்து விட்டேன். அவரே மேலும் சொன்னார். "நான் கடலை போட்டு வித்த காசுலதான் நீ டீச்சர் ட்ரெய்னிங் முடிச்ச. அதையும் ஒரு வரி எழுதச் சொல்லு."

மறுநாள் டாக்டர் இனி தள்ளிப்போட முடியாது என்றார். கையிலிருந்து கட்டுவதென்றால் மகள் கடன் வாங்க வேண்டும். அவள் தயாராகத்தான் இருந்தாள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "புதுக்கோட்டைக்குக் கொண்டு போங்க. பெரியாஸ்பத்திரி எதுக்கு இருக்கு?" என்றார். மகள் அழுதாள். "மாசா மாசம் பிடிக்கிறாங்களேப்பா" என்றாள். "இங்கிட்டு ஒட்டுற எலும்பு அங்கிட்டு ஒட்டாதா? கெளம்பு."

புதுக்கோட்டை அரசு மருத்துவமனையில் ஆதாரையும் எக்ஸ்ரேயையும் கேட்டார்கள். நான் யாருடைய மனைவி, அவர் யாரைச் சார்ந்தவர் என்றெல்லாம் கேட்கவில்லை. இரண்டாம் நாள் ஆபரேஷன் நடந்தது. என் மகள் வயதுகூட இருக்காது, ஒரு பெண் டாக்டர் தினமும் வந்து, "இன்னைக்கு ரெண்டு அடி நடப்போமாய்யா?" என்று அவரை எழுப்பினார். வார்டில் கூட்டம்தான். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் பாயை விரித்துக்கொண்டேன். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. நல்லபடியாகப் பார்த்தார்கள். என் ஆத்திரம் வேறு. இங்கேயே வந்திருந்தால் அவர் மூன்று நாள் வலியோடு கிடந்திருக்க வேண்டாம். அந்தக் கார்டை நம்பித்தானே தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

வீட்டுக்கு வந்து அவர் வாக்கர் பிடித்து நடக்க ஆரம்பித்ததும், நான் சான்றுக்காக வி.ஏ.ஓ. அலுவலகம் போனேன். இனிமேல் எதற்கு என்று மகள் கேட்டாள். இன்னொரு தடவை ஏதாவது வந்தால் நான் அந்த மேசைக்கு முன்னால் வாயடைத்து நிற்கக் கூடாது என்றேன். உண்மையில் அது வீம்புதான்.

வி.ஏ.ஓ. சிரித்தார். "டீச்சர், அண்ணன் பேர்ல மூணு ஏக்கர் பட்டா இருக்கு. சார்ந்து வாழ்றவருன்னு நான் எப்படி எழுத முடியும்?"

"பட்டா இருக்கு. மாசச் சம்பளம் இல்லல்ல?"

"அப்ப அப்படித்தான் எழுதணும். பென்ஷன் ஆபீஸ்ல ஒத்துக்குவாங்களான்னு கேட்டுட்டு வாங்க."

கேட்டுவிட்டு வந்தேன். வேறு மாதிரி எழுதச் சொன்னார்கள். திரும்பப் போனேன். அன்றைக்கு வி.ஏ.ஓ. கூட்டத்துக்குப் போயிருந்தார். மூன்றாம் தடவைதான் கையெழுத்தும் முத்திரையும் கிடைத்தன. "கணவருக்கு நிரந்தர மாத வருமானம் இல்லை, மனைவியின் ஓய்வூதியத்தைச் சார்ந்துள்ளார்." நான் வாசித்துக் காட்டியபோது என் கணவர் சிரிக்கவில்லை. அந்த மார்கழிப் பட்டத்தில் கடலை போடாமல் நிலம் சும்மா கிடந்தது. "இப்ப சரியாத்தான் இருக்கு" என்று மட்டும் சொன்னார். கேட்க எனக்குப் பொறுக்கவில்லை.

சான்றோடு பென்ஷன் ஆபீஸ் போனால் கண்ணாடிக்காரர் மாறுதலில் போயிருந்தார். அந்த நாற்காலியில் புதிதாக ஒரு பெண் இருந்தார். காகிதக் கட்டைப் புரட்டிப் பார்த்துச் சான்றை மட்டும் தனியே எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இது எதுக்கும்மா? கணவர் பேரைச் சேக்க ஆதாரும் சேந்த போட்டோவும் போதுமே."

"போன தடவை கட்டாயம் வேணும்னாங்க."

"இல்லம்மா. பெத்தவங்க, புள்ளைங்களச் சேக்கத்தான் சார்ந்திருக்காங்கன்னு பாப்பாங்க. கணவன் மனைவிக்கு அது கெடையாது."

என் வாழ்க்கையில் நான் ஒரு அலுவலகத்தில் குரலை உயர்த்தியது அன்றைக்குத்தான். "அப்ப அதை யாராச்சும் செவுத்துல எழுதி ஒட்டியிருக்கலாம்லம்மா? என் வீட்டுக்காரர ஊரறிய அண்டிப் பொழைக்கிறவர்னு எழுதி வாங்கிட்டு வந்திருக்கேன். மூணு மாசம் நடந்திருக்கேன்." அந்தப் பெண் எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினார். "உக்காருங்கம்மா" என்றார். நான் உட்காரவில்லை. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன்.

பெஞ்சில் என் வயதுள்ள ஒரு அம்மா இருந்தார். திருவரங்குளம் பக்கம், அவரும் ஓய்வுபெற்ற ஆசிரியை, உயிரோடு இருப்பதைக் காட்டும் வருடாந்திர நேர்காணலுக்கு வந்தவர். உள்ளே நான் பேசியதைக் கேட்டிருக்கிறார். தன் பையைத் திறந்து தன் கார்டை எடுத்தார். பின்னால் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார்.

"எனக்கும் அவுக பேரு இல்லையே டீச்சர். நான் இதுவரைக்கும் பாக்கவே இல்ல. அவுகளுக்கு வாரத்துக்கு ரெண்டு தடவை டயாலிசிஸ். கைக்காசுதான் போட்டுக்கிட்டு இருக்கோம். பெரிய சீக்குக்குத்தான் கார்டுன்னு யாரோ சொன்னாங்க."

இதைவிடப் பெரிய சீக்கு எதுவென்று நான் கேட்கவில்லை.

அன்றைக்கு நேர்காணலுக்கு வந்திருந்த பெண்களிடமெல்லாம் கேட்டோம். இன்னும் இரண்டு பேருக்கு அதே காலி இடம். புதிய கிளார்க் பெண்தான் வழி சொன்னார். இங்கிருந்து பெயரை அனுப்பினாலும் இன்சூரன்ஸ்காரர்கள் ஏற்ற நாளாகும். தனித்தனியாக அலையாமல் நான்கு பேரும் சேர்ந்து திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு கொடுங்கள் என்றார். மனுவை நான்தான் எழுதினேன். நான்கு பேரும் நின்று கொடுத்து ரசீது வாங்கினோம். இரண்டு மாதத்தில் என் கார்டில் அவர் பெயர் ஏறியது. மற்ற இருவருக்கும் ஏறியது.

திருவரங்குளத்து டீச்சருக்கு ஏறவில்லை. அவர் கணவருக்கு ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் இருக்கிறது, பென்ஷன் புத்தகத்தில் முன்னால் இருக்கிறது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று இன்னொரு சான்று வேண்டுமாம். நடுவில் ஒரு தடவை நான் அந்தப் படிவத்தில் ஒன்று வாங்கிப் பார்த்தேன். இன்னும் "மனைவியின் பெயர்" என்றுதான் இருக்கிறது. கேட்டால், அச்சடித்தது தீரட்டும் என்கிறார்கள்.

நேற்று அந்த டீச்சர் போன் செய்தார். குரலில் உயிரில்லை. "விட்ரலாம்னு இருக்கு டீச்சர். டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போறதா, ஆபீஸ் ஆபீஸா அலையிறதா?"

"நீங்க அவரப் பாத்துக்கங்க. பேப்பரையெல்லாம் எங்கிட்ட குடுங்க. திங்கக்கெழம நான் போறேன்" என்றேன்.

போனை வைத்ததும் என் கணவர் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். யார் என்று கேட்டார். சொன்னேன்.

"சோத்தக் கட்டிக்கிட்டுப் போ. அங்க எந்நேரம் ஆகுமோ" என்றார்.