எலிக்குட்டி கடிப்பதை நிறுத்தினாள்

எங்கள் ஆயாம்மாவின் முன்கை முழுக்கப் பல் தடங்கள். யாராவது கேட்டால், "எலி கடிச்சிருச்சு" என்று சிரிப்பார். எலிக்குட்டி என்பது எங்கள் பள்ளியின் ஒரே பெண் பிள்ளைக்கு அவர் வைத்த செல்லப் பெயர்.

பேச்சு வரவில்லை, அடங்கவில்லை என்று மற்ற பள்ளிகள் கைகழுவிய பிள்ளைகளைப் பகலில் வைத்துக்கொண்டு, சிகிச்சையும் பாடமும் கொடுக்கிற சின்னப் பள்ளி இது. அட்மிஷன் பார்ப்பது நான். வருவதெல்லாம் பையன்கள்தான். பையன் கண்ணாடியை உடைத்தால் பள்ளிக்கூடம் தேடி அலைகிறார்கள். பெண் மூலையில் உட்கார்ந்து சுவரையே பார்த்தால் சமத்து என்று மெச்சிக்கொள்கிறார்கள். எலிக்குட்டி இங்கே வந்ததே, வீட்டுக்கு வந்த அப்பாவின் முதலாளியைக் கடித்துவைத்ததால்தான். நல்ல காரியம் செய்தாள்.

ஆயாம்மா இங்கே வருவதற்கு முன்பு ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்பு துவைத்தவர். பிள்ளை குட்டி கிடையாது. எலிக்குட்டியின் தாடை இறுகினால் ஈரத் துண்டைச் சுருட்டி நீட்டுவார். துண்டு கைக்கு எட்டாத நேரத்தில் கையையே கொடுப்பார். கடித்து முடித்ததும் அவள் விரலைப் பிடித்துக் காயத்தின் மேல் வைத்து, "தடவிக் குடு, மெதுவா" என்பார். கடி மெல்ல மெல்ல நின்றது. அதுவரை ஒரு வார்த்தை பேசாதவள், ஒருநாள் தண்ணீரைக் காட்டி "தா" என்றாள். அன்று ஆயாம்மா எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்து, வாயெல்லாம் பல்லாகத் திரிந்தார்.

அடுத்த வாரமே அவள் அப்பா வந்தார். "இப்பல்லாம் கடிக்கிறதில்ல மேடம். இனி வீட்லயே இருக்கட்டும். இத்தனை பசங்க நடுவுல ஒத்தப் பொண்ணு, பயமா இருக்குல்ல?"

தொண்டை வற்றப் பேசிப் பார்த்தேன். வாசலில் நின்ற ஆயாம்மா, "இப்பத்தான் சார் ஒரு வார்த்தை வந்திருக்கு" என்றார்.

"வந்தவரைக்கும் போதும்மா."

மனசு கேட்காமல், ஒரு மாதம் கழித்து நானும் ஆயாம்மாவும் அந்த வீட்டுக்குப் போனோம். எலிக்குட்டி சமையலறை மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். "தா" கூட இப்போது சொல்வதில்லையாம். அதைப் பற்றி அவள் அம்மாவுக்குக் கவலையே இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆயாம்மா தரையில் உட்கார்ந்து தன் கையை அவள் வாயருகே கொண்டுபோனார்.

"கடிடி தங்கம். ஒரே ஒரு தடவை கடிச்சிரு. கூட்டிட்டுப் போயிடுறேன்."

எலிக்குட்டி அந்தத் தழும்புகளைப் பார்த்தாள். பிறகு ஒரு விரலால் மெதுவாகத் தடவிக் கொடுத்தாள்.

"பாத்தீங்களா," என்றாள் அவள் அம்மா, பூரித்துப்போய். "எவ்வளவு சமத்து!"