துணி அலமாரிக்குள் வைத்த சோக்

என் வீட்டுக்காரருக்குக் கண் போனது எங்கள் துணி அலமாரியால். சிரிப்பு வந்தால், அந்தமானில் எங்கள் டெலானிபூரில் ஒரு மழைக்காலம் குடியிருந்து பாருங்கள். துவைத்த துணி பூசணம் பிடிக்கும், செருப்பு பச்சையாகும். அதனால் எல்லார் வீட்டு அலமாரியிலும் கீழ்த்தட்டில் ஒரு பல்பு எரிந்துகொண்டே இருக்கும். கதவை மூடியே வைப்போம்.

அவர் படகு எஞ்சின் மெக்கானிக். அந்த வருடம் மெயின்லேண்டிலிருந்து டீசல் ஒழுங்காக வரவில்லை. படகுகள் ஜெட்டியில் கட்டிக் கிடந்தன. இவரும் வீட்டில் சும்மா கிடந்திருக்கலாம். தண்ணீரை மின்சாரத்தால் வாயுவாக்கி எஞ்சின் ஓட்டப்போகிறேன் என்று கிளம்பிவிட்டார். யார் காதில் ஓதினார்களோ. அதற்கு உயர் அழுத்த டிரான்ஸ்ஃபார்மரை வீட்டிலேயே செய்ய வேண்டுமாம். கூடவே சோக்குகள், அதாவது இரண்டு எனாமல் கம்பிகளைப் பக்கம்பக்கமாகச் சேர்த்துச் சுற்றிய சுருள்கள்.

இது ஒற்றை ஆள் வேலை இல்லை. அவர் கைப்பிடியைச் சுழற்றுவார். நான் இரண்டு கம்பிகளையும் விரலிடுக்கில் பிடித்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் விடவேண்டும். ஏறினால் அத்தனையும் பிரி. ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் மெழுகுக் காகிதம். எனக்கு விரல் அறுபட்டு எரியும், அடுப்பில் குழம்பு அடிப்பிடிக்கும். வலிக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை மனிதர்.

சுற்றி முடித்தால், ஈரத்தில் கம்பிக்குக் கம்பி பொறி தாவியது.

"ஏட்டி, இந்த பாரிஷ்ல இது காயவே காயாது. அலமாரிக்குள்ள வைப்போம்" என்றார். மழைக்கு இங்கே பாரிஷ் என்றுதான் பேச்சு.

"துணியெல்லாம் எங்க வைக்க?"

"எடுத்து வெளிய போடு."

பல்புச் சூட்டில் காய்ந்ததும் சோக் வேலை செய்தது. வெளியே எடுத்தால் மறுபடி ஈரம். ஆகவே டிரான்ஸ்ஃபார்மர், சோக், தண்ணீர் ஜாடி எல்லாவற்றையும் உள்ளேயே வைத்துக் கதவை மூடிவிட்டார். ஜாடியிலிருந்து கசிந்த வாயு அலமாரி முழுக்க நிறைந்தது எங்களுக்குத் தெரியவில்லை. அதற்கு வாசனை கிடையாது. ஜாடியில் எவ்வளவு வாயு சேர்ந்திருக்கிறது என்று பார்க்கக் கதவைத் திறந்து முகத்தை உள்ளே நீட்டினார். சோக்கில் ஒரு பொறி. கதவு பெயர்ந்து சமையலறை வரை வந்து விழுந்தது.

கப்பலுக்குக் காத்திருந்து மதராஸ் கொண்டுபோனேன். ஆஸ்பத்திரியில் கண்கட்டைப் பிரித்தபோது, "லைட்டப் போடுட்டி" என்றார். நடுப்பகல் வெயில் அவர் முகத்தில்தான் விழுந்துகொண்டிருந்தது.

வீடு திரும்பியபோதும் அவர் கைகளின் தீப்புண் ஆறவில்லை. சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தேன். மென்றுகொண்டே சொன்னார்: "தப்பு எங்கன்னு புடிச்சிட்டேன். ஜாடிய வெளிய வச்சிருக்கணும். புதுசா ஒண்ணு சுத்துவோம்."

"யாரு சுத்துவா?"

"நீதான். உனக்குக் கண்ணு இருக்குல்லா."

அழுகை வரவில்லை எனக்கு. அப்படியொரு வெறுப்பை அதற்குமுன் யார்மீதும் நான் உணர்ந்ததில்லை.

"மாட்டேன்" என்றேன். கல்யாணமானதிலிருந்து அவரிடம் நான் சொன்ன முதல் மாட்டேன்.

அவர் அடுத்த கவளத்துக்கு வாயைத் திறந்தார். ஊட்டினேன்.