ஃபிரிட்ஜ் மேல் இருந்த டப்பா

அந்த டப்பாவை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இரும்புலியூரில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் மேல் அது இருந்தது. வீட்டில் யாருக்காவது காய்ச்சல் சரியானதும், மீந்த ஆன்டிபயாடிக் மாத்திரைகளை அதில் போட்டு வைப்பேன். டாக்டர் சீட்டே கேட்காமல் மெடிக்கல்காரர் அட்டை அட்டையாகக் கொடுப்பார்; மிஞ்சாமல் என்ன செய்யும்?

எங்கள் நாய் பிரவுனிக்குக் காலில் சீழ் பிடிக்கும்போதெல்லாம் அதிலிருந்து எடுத்து, இட்லிக்குள் வைத்துக் கொடுப்பேன். இரண்டு நாளில் புண் காய்ந்ததும் நிறுத்திவிடுவேன். இப்படி நான்கு முறை.

ஐந்தாம் முறை மாத்திரை கொடுத்தும் அது எழுந்திருக்கவில்லை. தாம்பரத்தில் ஒரு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். கிருமி ரத்தத்தில் கலந்திருக்கும் போலிருக்கிறது என்றார்.

"இதுக்கு முன்னாடி ஏதாவது மாத்திரை கொடுத்தீங்களாம்மா?"

"இல்ல சார்," என்றேன். திட்டுவாரே என்ற பயம்.

என்னை நம்பி, டப்பாவில் இருந்த அதே மருந்தை ஊசியாகப் போட்டார். மூன்றாம் நாள் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. அந்த மருந்துக்கு இந்தக் கிருமி சாகாதாம். அப்போதுதான் டப்பா விஷயத்தைச் சொன்னேன்.

"முதல்லயே சொல்லியிருந்தா வேற மருந்து போட்டிருப்பேனேம்மா!"

மாற்றிப் போட்டார். அன்று மாலையே பிரவுனி செத்துப்போனது.

மறுநாள் பக்கத்து வீட்டுப் பெண் கேட்டருகே வந்து நின்றாள். "அக்கா, எங்க பூனைக்கு மறுபடி உடம்பு சுடுது. அந்த மாத்திரை இன்னும் இருக்கா?"

"அறிவிருக்கா உனக்கு? டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போ! போன மாசம் போட்ட மாத்திரையையும் மறைக்காம சொல்லு!" என்று தெருவே கேட்கக் கத்தினேன். அவள் மிரண்டு போய்த் திரும்பி நடந்தாள்.

போன மாதம், "எதுக்கு டாக்டரு?" என்று சொல்லி அந்த மாத்திரையை அவள் கையில் திணித்தவள் நான்.